85–0: சிகாகோ பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டது ஏன்?

ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு அமெரிக்காவில் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் என்று படித்தீர்கள். அதே பல்கலைக்கழகம் நான்கே ஆண்டுகளில் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது என்றும் படித்தீர்கள். அது படிப்புக்காகச் செய்த தியாகமா, தோல்வியை மறைக்கச் செய்த தந்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், அணு உலை கட்ட மைதானம் தேவைப்பட்டதால்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள் என்று ஒரு நண்பர் சொன்னதையும் சேர்த்திருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உங்கள் மனத்தில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பணமும் புகழும் கொட்டும் ஒன்றை, கொள்கைக்காக ஒரு பல்கலைக்கழகம் தானாக விட்டுக்கொடுக்குமா? சிகாகோ கொடுத்தது. ஆனால் கொட்டுவது நின்ற பிறகுதான் கொடுத்தது. அணு உலைக் கதை தவறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உயர்கல்வியின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருபவன். அந்தப் பந்தை ஒருமுறைகூடக் கையில் பிடித்து ஓடியதில்லை. ஆட்ட வியூகங்களைப் பற்றி நுணுக்கமாகக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் ஏன் இந்த ஆட்டத்தைத் தத்தெடுத்தன, பிறகு ஏன் அதனிடம் மாட்டிக்கொண்டன என்பதுதான் என் பாடம். இன்னொன்று: இந்தப் பதில் முழுவதும் கால்பந்து என்று நான் எழுதுவது அமெரிக்கக் கால்பந்தை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அமுக்குவார்கள். காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான்.

தமிழர்களுக்குச் சிகாகோ பல்கலைக்கழகம் என்றால் இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர். மற்றவர் சங்கப் பாடல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த ஏ.கே. ராமானுஜன். சந்திரசேகர் 1937-இல் அங்கே வேலையில் சேர்ந்தபோது கால்பந்து அணி மூச்சுத் திணறியபடி உயிரோடு இருந்தது. அவரோ விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் உட்கார்ந்திருந்தார். ராமானுஜன் 1960-களின் தொடக்கத்தில் வந்தபோது பழைய மைதானத்தின் மேற்குக் கேலரி இடிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நோபல் பரிசுக்காரர்களின் கோட்டை என்று நாம் அறிந்த அந்த இடம், அதற்கு முந்தைய தலைமுறையின் அமெரிக்கர்களுக்கு முரட்டு ஆட்டக்காரர்களின் கோட்டை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஜான் டி. ராக்ஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில் 1890-இல் நிறுவப்பட்டு, 1892 அக்டோபர் 1 அன்று வகுப்புகளைத் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எபிரேய மொழி அறிஞர். பெரிய நிறுவனங்களைக் கட்டி எழுப்பும் வெறி கொண்டவர். பேராசிரியர்களை வலைவீசிப் பிடித்த அதே வேகத்தில், யேல் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் படித்த ஒரு மாணவரையும் பிடித்துவந்தார். அவர்தான் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். பாதிரியாராகப் போக நினைத்து, மேடையில் பேச வரவில்லை என்பதால் அந்த எண்ணத்தை விட்டவர். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலாக 1889-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அகில அமெரிக்க அணியில் இடம்பெற்றவர். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இருந்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் அங்கேதான் இருந்தார். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் ஆசிரியர் அணி 5–1 என்று தோற்றது. அந்த ஒற்றைக் கூடையைப் போட்டவர் ஸ்டாக்.

ஹார்ப்பர் அவருக்குக் கொடுத்த பதவிதான் இந்தக் கதையின் ஆணிவேர். ஸ்டாக் வெறும் பயிற்சியாளர் அல்ல. உடற்கல்வித் துறையின் தலைவர், இணைப் பேராசிரியர், யாரும் எளிதில் வெளியேற்ற முடியாத நிரந்தரப் பணி. அதுவரை கல்லூரி அணிகளை மாணவர்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் சீசனுக்கு வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். பயிற்சியாளரைப் பேராசிரியர்களுக்குச் சமமாக உட்கார வைத்ததில் சிகாகோ முன்னோடி. நாடெங்கும் அணிகளை அனுப்பி மற்றக் கல்லூரிகளையெல்லாம் வீழ்த்த வேண்டும் என்பதே தன் விருப்பம் என்று ஹார்ப்பர் ஸ்டாக்குக்கு எழுதினார். பழைய பல்கலைக்கழகங்களுக்கு இருநூறு ஆண்டுப் பெயர் இருந்தது. புதிதாக முளைத்த சிகாகோவுக்குப் பெயர் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஆராய்ச்சியால் பெயர் வர முப்பது ஆண்டு ஆகும். கால்பந்தால் ஒரு சனிக்கிழமை மாலைக்குள் வந்துவிடும்.

முதல் ஆண்டில் ஆள் போதாமல் பயிற்சியாளர் ஸ்டாக்கே களத்தில் இறங்கி ஆடினார். இது இட்டுக்கட்டிய கதை அல்ல. அன்றைய விதிகளில் அதற்குத் தடை இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1894 கிறிஸ்துமஸ் அன்று, அணி ரயிலேறிக் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை வென்றது. பல்கலைக்கழகம் பிறந்து இரண்டு வயதுதான் ஆகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 1896-இல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டம் சிகாகோவில் கூரை போட்ட ஓர் அரங்கத்துக்குள் மின்விளக்கின் கீழ் நடந்து, சிகாகோ 7–6 என்று வென்றது. வணிகர் மார்ஷல் ஃபீல்டு கொடுத்த நிலத்தில் மைதானம் எழுந்தது. முதலில் அவர் பெயரிலேயே இருந்த அந்த இடம் பின்னால் ஸ்டாக் மைதானம் ஆயிற்று.

1896 பிப்ரவரியில் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த மேற்கத்தியக் கூட்டமைப்பில் சிகாகோ நிறுவன உறுப்பினர். இன்று பிக் டென் என்ற பெயரில் தொலைக்காட்சி உரிமைக்கே கோடிக்கணக்கான டாலர் ஈட்டும் அமைப்பு அதுதான். அதைத் தொடங்கியவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்கள். நோக்கம், ஆட்டத்தின் அத்துமீறல்களை அடக்குவது. அடக்க உட்கார்ந்தவர்களே அதை ஊதிப் பெருக்கவும் செய்தார்கள். அப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படித்தான் இருந்தன. சிகாகோவைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிகாகோ கால்பந்தின் உச்சம் என்று நான் சொல்வது 1905 நவம்பர் 30. நன்றி தெரிவிக்கும் நாள். எதிரில் ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியளித்த மிச்சிகன் அணி. 1901 முதல் 56 ஆட்டங்களில் தோற்காத அணி. நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்பதே அவர்களுக்குப் பட்டப்பெயர். சிகாகோவின் வால்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. அதை எடுத்த மிச்சிகன் ஆட்டக்காரர் அங்கேயே மண்டியிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர் ஓடி வெளியே வர முயன்றார். சிகாகோக்காரர்கள் அவரைத் தூக்கித் திரும்பக் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். விதிப்படி இரண்டு புள்ளி. ஆட்டம் 2–0 என்று முடிந்தது. அந்த இரண்டு புள்ளியில் நான்கு ஆண்டு ஆதிக்கம் சரிந்தது.

ஆனால் அதே ஆண்டில்தான் இந்த ஆட்டமே நின்றுபோகும் நிலையும் வந்தது. மோதிக் கொள்வதே ஆட்டமாக இருந்த காலம். கழுத்தும் மண்டையும் உடைந்து இளைஞர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1905 அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமாயிற்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும், இன்று என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் அமைப்பின் தொடக்கமும் அந்தக் குழப்பத்தில்தான். மேற்கத்தியக் கூட்டமைப்பு ஒரு சீசனுக்கு ஐந்தே ஆட்டம் என்று குறைத்தது. சிகாகோவில் ஹார்ப்பர் 1906 ஜனவரி 10 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் கட்டிய அணி சாம்பியனாகி ஆறு வாரம்கூட ஆகவில்லை. எக்கர்சாலோ நாடறிந்த நாயகன், ஆனால் பட்டம் வாங்காமலே வெளியே போனார். பிறகு சிகாகோ ட்ரிப்யூனில் விளையாட்டு எழுத்தாளராகப் பேர் வாங்கினார். படிப்பா ஆட்டமா என்ற கேள்வி 1939-இல் திடீரென்று முளைத்ததல்ல என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

ஸ்டாக் கண்டுபிடித்தவை என்று ஒரு நீண்ட பட்டியல் உலவுகிறது. வீரர்கள் வட்டமாகக் கூடி ஆலோசிப்பது, சட்டையில் எண் போடுவது, மோதிப் பழகும் பொம்மை என்று அது நீளும். இதில் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்தில் ஒரே யோசனை நான்கு ஊர்களில் ஒரே நேரத்தில் முளைத்திருக்கிறது. நீண்ட காலம் உயிரோடிருந்து நேர்காணல் கொடுத்தவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. ஸ்டாக் 102 வயது வரை வாழ்ந்தவர். மோதல் பொம்மையை யேலில் இருந்தபோதே அவர் பயன்படுத்தியதை நம்பலாம். மற்றவற்றில் முதலில் செய்தவர்களில் ஒருவர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். அவர் 41 சீசன்கள் சிகாகோவுக்குப் பயிற்சியளித்தார் என்பதிலும், அந்த அணி கூட்டமைப்பின் பட்டத்தைக் கடைசியாக வென்றது 1924-இல் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த 1924-இல் நட்சத்திர ஆட்டக்காரர் ரெட் கிரேஞ்ச் ஆடிய இல்லினாய் அணியோடு 21–21 என்று சமன் செய்த ஆட்டத்தைப் பழைய சிகாகோக்காரர்கள் வெற்றியைப் போலவே கொண்டாடினார்கள்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட விஷயம் தொடங்குகிறது. சரிவு 1930-களில் வரவில்லை, 1920-களிலேயே வந்துவிட்டது. ஒகாயோ மாநிலம் 1922-இலும், இல்லினாய் அடுத்த ஆண்டும், மிச்சிகன் 1927-இலும் பிரம்மாண்டமான புதிய அரங்கங்களைத் திறந்தன. அவை மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். ஆயிரக்கணக்கில் ஆண் மாணவர்கள், மாநிலம் முழுவதும் ரசிகர்கள், உடற்கல்வியிலேயே பட்டம் வாங்கும் வசதி. சிகாகோ தனியார் நிறுவனம். இளங்கலை மாணவர் கூட்டம் சிறியது, முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான் அங்கே மதிப்பு. நகரத்துக்குள்ளேயே போட்டியும் வந்தது. 1927-இல் சோல்ஜர் ஃபீல்டு அரங்கத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி ஆடியபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். ஜார்ஜ் ஹாலஸின் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் விற்றது. ஸ்டாக் மைதானத்தைப் பெரிதாக்கினார்கள். உட்கார ஆள்தான் குறைந்துகொண்டே வந்தது.

1929-இல் முப்பதே வயதான ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் தலைவராக வந்தார். அழகான தோற்றம், கூர்மையான நாக்கு, பெரும் நூல்களைப் படிப்பதே கல்வி என்ற பிடிவாதம். உடற்பயிற்சி செய்யத் தோன்றினால் அந்த நினைப்புப் போகும்வரை படுத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் எங்கும் உலவுகிறது. அதே வாசகம் வேறு பலர் பெயரிலும் உலவுகிறது. அவர் சொன்னது என்று வகுப்பில் நான் சொல்வதில்லை. அவர் செய்தவை மட்டும் பதிவில் உள்ளன. 1931-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை. ஆனால் இறுதியில் எழுத வேண்டிய விரிவான தேர்வில் யாருக்கும் சலுகை இல்லை. ஆட்டக்காரருக்கென்று எளிதான பாடம் எதுவும் அங்கே இல்லை. 1932-இல் ஸ்டாக்குக்கு எழுபது வயது ஆனது. ஓய்வு வயது எல்லோருக்கும் ஒன்றே என்று ஹட்சின்ஸ் கறாராக நின்றார். ஆலோசகர் மாதிரி ஒரு வேலை தருவதாகச் சொன்னதை ஸ்டாக் ஏற்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஸ்டாக்கின் தனி ராஜ்யமாக இருந்த விளையாட்டுத் துறையை மற்றத் துறைகளைப் போல நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, நெல்சன் மெட்காஃப் என்பவரை இயக்குநராக அமர்த்தினார்கள்.

ஸ்டாக் வீட்டுக்குப் போகவில்லை. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்தின் பசிபிக் கல்லூரியில் சேர்ந்து மேலும் 14 ஆண்டுகள் பயிற்சியளித்தார். 1938-இல் அந்தச் சின்னக் கல்லூரி அணியைக் கூட்டிக்கொண்டு சிகாகோவுக்கு வந்தார். தன் பெயர் தாங்கிய மைதானத்தில், தான் வளர்த்த அணியை 32–0 என்று தோற்கடித்துவிட்டுப் போனார். ஹட்சின்ஸைப் பார்த்துக் கை குலுக்கினாரா, முறைத்தாரா என்பதெல்லாம் கதாசிரியர்களுக்கு.

இந்த இறங்குமுகத்தில்தான் ஜே பெர்வாங்கர் வந்தார். அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரத்துப் பையன். ஓடுவார், எறிவார், உதைப்பார், தடுப்பார். ஒரே ஆளாக அணியைத் தூக்கிச் சுமந்தார். மூக்கு உடைந்த பிறகு முகத்துக்குக் கம்பிக் காப்பு மாட்டிக்கொண்டு ஆடினார். 1934-இல் அவரைத் தடுத்து விழுத்த முயன்ற மிச்சிகன் ஆட்டக்காரர் ஒருவருக்கு இடது கண்ணுக்குக் கீழே காயமாகித் தழும்பு நின்றுவிட்டது. அந்த ஆட்டக்காரர் ஜெரால்டு ஃபோர்டு; நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் குடியரசுத் தலைவர். 1935-இல் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் முதன்முறையாக ஒரு கோப்பையை அறிவித்து பெர்வாங்கருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அந்தக் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் ஜான் ஹைஸ்மன் இறந்த பிறகுதான் கோப்பைக்கு அவர் பெயர் வந்தது. ஆகவே முதல் ஹைஸ்மன் என்று நாம் சொல்வது பின்னோக்கிச் சூட்டிய பெயர். கவனியுங்கள், அந்த ஆண்டு சிகாகோ வென்றது நான்கு, தோற்றதும் நான்கு. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் இருந்தும் பாதிதான் தேறியது. 1936-இல் தொழில்முறை அணிகள் நடத்திய முதல் வீரர் தேர்வில் முதல் பெயரும் அவருடையதே. ஹாலஸோடு சம்பளப் பேச்சு ஒத்துவராததால் அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. நுரை ரப்பர் வியாபாரத்துக்குப் போனார். கோப்பை பல காலம் அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தது.

பெர்வாங்கர் போன பிறகு எஞ்சியது எலும்புக்கூடு. 1939 சீசனின் கணக்கை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். சின்னக் கல்லூரியான பெலாய்ட்டிடம் 6–0. ஹார்வர்டிடம் 61–0. டாம் ஹார்மன் ஆடிய மிச்சிகனிடம் 85–0. வர்ஜீனியாவிடம் 47–0. ஒகாயோ மாநிலத்திடம் 61–0. இல்லினாயிடம் 46–0. வாபாஷ், ஓபர்லின் என்ற இரண்டு சிறு கல்லூரிகளை மட்டும் வென்றார்கள். எட்டு ஆட்டங்களில் எதிரிகள் எடுத்தது 308, சிகாகோ எடுத்தது 37. தோற்ற ஆறு ஆட்டங்களிலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

பயிற்சியாளரைக் குறை சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். ஸ்டாக்குக்குப் பின் வந்த கிளார்க் ஷாகனஸி அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், புத்தாண்டு நாளில் நடக்கும் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டம் வரை வென்றார். 1940 டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் வாஷிங்டனை 73–0 என்று நொறுக்கிய இறுதி ஆட்டத்துக்கு வியூகம் வகுக்க உதவியவர்களில் அவரும் ஒருவர். 85–0 தோல்வியின் பயிற்சியாளரும் 73–0 வெற்றியின் ஆலோசகரும் ஒரே மனிதர். நடுவில் கடந்தது ஓர் ஆண்டுக்குச் சற்று மேல். குறை அறிவில் இல்லை, ஆளில்லாததில் இருந்தது.

1939 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், அறங்காவலர் குழு கூடிப் போட்டிக் கால்பந்தை நிறுத்தியது. ஹட்சின்ஸ் இதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1938 டிசம்பரில், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் கல்லூரி விளையாட்டின் வசூல் மோகத்தைச் சாடிக் கட்டுரை எழுதியிருந்தார். டிக்கெட்டை பத்து சென்டாகக் குறைத்தால் நோய் தீரும் என்பது அதில் அவர் சொன்ன வைத்தியம். ஆகவே கொள்கை என்பது தோற்ற பிறகு தேடிப் பிடித்த சாக்கு அல்ல. அவருக்கு அது உண்மையாகவே இருந்தது. ஆனால் அவர் 1929 முதல் தலைவர். பெர்வாங்கர் ஓடிய நாள்களில் அறங்காவலர்கள் முன்னால் இந்தத் தீர்மானத்தை வைத்திருந்தால் அது நிறைவேறியிருக்காது என்றே நினைக்கிறேன். அந்தக் குழுவில் பழைய மாணவர்கள் இருந்தார்கள். ஸ்டாக்கின் காலத்துப் பெருமையில் வளர்ந்தவர்கள். அவர்களைச் சம்மதிக்க வைத்தது ஹட்சின்ஸின் கட்டுரை அல்ல, 85–0. கொள்கை பத்து ஆண்டாகக் கதவருகே நின்றது. உள்ளே வர இடம் கொடுத்தது தோல்வி. இது என் தீர்ப்பு. ஆவணத்தில் இப்படி எழுதப்பட்ட வரி எதுவும் கிடையாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்தத் தோல்வியை உண்டாக்கியதே கொள்கைதான். பாடத்திட்டத்தைக் கடுமையாக்கியது, ஆட்டக்காரருக்கு எனத் தனிப் படிப்பு வைக்க மறுத்தது, விளையாட்டுத் துறையின் தனிச் சுதந்திரத்தைப் பறித்தது எல்லாம் 1930-களின் தொடக்கத்து முடிவுகள். அந்த விதிகளோடு மாநிலப் பல்கலைக்கழகங்களுடன் மோதினால் தோல்வி நிச்சயம். தியாகமா தந்திரமா என்று நீங்கள் வைத்த இரண்டு பெட்டிகளிலும் இது அடங்காததற்குக் காரணம் இதுதான்.

இனி அணு உலை. தேதிகளைப் பார்த்தாலே கதை கலைந்துவிடும். ஆட்டம் நின்றது 1939 டிசம்பரில். அப்போது அமெரிக்கா போரிலேயே இல்லை. இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு ஸ்டாக் மைதானத்தின் மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் ஆடுகளத்தில், தானாகத் தொடர்ந்து நடக்கும் முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது 1942 டிசம்பர் 2 அன்று. அதுகூட முதலில் திட்டமிட்ட இடம் அல்ல. நகரத்துக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாக இருந்த கட்டடம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தாமதமாகவே, மைதானத்தின் அடியிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பொறுப்பில் இருந்த ஆர்தர் காம்ப்டன் இதைத் தலைவர் ஹட்சின்ஸிடம் கேட்கவே இல்லை. கேட்டால் மறுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது என்பதால் கேட்கவில்லை என்று காம்ப்டன் பின்னால் எழுதினார். நெரிசலான ஒரு நகரத்தின் நடுவில் அணு உலை! சனிக்கிழமைக் கூட்டம் வந்துகொண்டிருந்தால் அந்த ரகசிய வேலை இன்னும் கடினமாகியிருக்கும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதாவது உங்கள் நண்பர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். இதையொட்டி ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு: ஆங்கிலத்தில் ஸ்குவாஷ் என்பது பூசணி வகைக் காய்க்கும் பெயர் என்பதால், சோவியத் அறிக்கையில் அந்த இடம் பூசணித் தோட்டம் ஆகிவிட்டதாம். நம்பாவிட்டாலும் நஷ்டமில்லை.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946-இல் சிகாகோ பிக் டென்னை விட்டு முழுவதுமாக விலகியது. அந்த இடம் சில ஆண்டுகளில் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனது. மற்றப் பெரிய பல்கலைக்கழகங்கள் பின்தொடரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அந்தக் கூட்டமைப்பிலிருந்து ஒன்றுகூடப் பின்தொடரவில்லை. ஸ்டாக்கின் அணிக்கு இருந்த ‘மிட்வேயின் அரக்கர்கள்’ என்ற பட்டப்பெயர் பேர்ஸ் அணிக்குப் போய்விட்டது. 1893 உலகக் கண்காட்சி நடந்தபோது வேடிக்கைக் கடைகள் நிறைந்திருந்த, பல்கலைக்கழகத்தை ஒட்டிய மிட்வே பிளசான்ஸ் என்ற நீண்ட பூங்காதான் அந்த மிட்வே. பேர்ஸ் அந்தப் பக்கம் ஆடியதே கிடையாது.

ஆட்டம் திரும்பியும் வந்தது. 1960-களில் வகுப்பு என்ற பெயரில் சத்தமில்லாமல் ஒரு கால்பந்துக் குழு தொடங்கியது. 1963-இல் வெளிக்கல்லூரி ஒன்றோடு ஆட வந்தபோது மாணவர்களே களத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். தங்களுக்கு இந்த ஆட்டம் வேண்டாம் என்று ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் மைதானத்தில் மறியல் செய்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை. 1969-இல் முறையான அணி மீண்டும் வந்தது. இப்போது மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. தங்களைப் போன்ற படிப்புப் பைத்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் 1998, 2000, 2005, 2010 ஆகிய ஆண்டுகளில் பட்டமும் வென்றார்கள். 2017 முதல் கால்பந்துக்கு மட்டும் மிட்வெஸ்ட் கூட்டமைப்பில் இருக்கிறார்கள். ஹட்சின்ஸ் எதிர்த்தது வசூலுக்கான ஆட்டத்தையே தவிர, ஆட்டத்தை அல்ல என்று வாதிடுபவர்களுக்கு இது வசதியான சான்று. அவர் எழுதியவற்றைப் படித்த வரையில் அந்த வாதத்தில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது.

சிகாகோவுக்குப் போகும் வாய்ப்பு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது ரெகன்ஸ்டீன் நூலகம் நிற்கிறது. அதை ஒட்டி, உலை இருந்த இடத்தில், ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது. 1967 டிசம்பர் 2 அன்று, தொடர்வினையின் இருபத்தைந்தாம் ஆண்டு நாளில் திறந்தது. அங்கிருந்து மேற்கே காட்டேஜ் குரோவ் சாலையை நோக்கி நடந்தால் புதிய ஸ்டாக் மைதானம் வரும். பழையதோடு ஒப்பிட்டால் நம் ஊர்க் கல்லூரி மைதானம் மாதிரி. பக்கத்தில் ராட்னர் விளையாட்டு மையம். உள்ளே போய்க் கேளுங்கள், பெர்வாங்கரின் கோப்பையைக் காட்டுவார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்த அதே கோப்பைதான்.